ரெண்டு தட்டு

முள் ஏறியிருந்தது.

காபி டம்ளரோடு ஷெட்டுக்குள் வந்த நல்லகாமன், காரின் மூக்கைத் துண்டால் துடைத்துவிட்டு, யாரோ படம் பிடிக்கிறார்கள் என்ற தோரணையில் ஓரடி பின்னால் நகர்ந்து நின்றபோதுதான் அதைப் பார்த்தார். டேஷ்போர்டின் ஓரத்தில் பித்தளை வளையத்துக்குள் இருக்கும் அந்தச் சின்ன மீட்டர், பின்பக்கத்துப் பெட்ரோல் டேங்கில் எவ்வளவு காற்றழுத்தம் இருக்கிறது என்று காட்டுவது. நேற்று மாலை மெக்கானிக் வெள்ளைத்துரை டேங்கின் மூடியைத் திறந்து காற்றை முழுக்க இறக்கிவிட்டுத்தான் கடைசி வேலையை முடித்தான். முள் பூஜ்யத்தில் படுத்ததை இரண்டு பேரும் பார்த்தார்கள். இப்போது அது எழுந்து, சிவப்புக் கோட்டுக்குச் சற்றுக் கீழே, வண்டியை எடுக்கலாம் என்று சொல்லும் இடத்தில் நின்றது.

ஷெட்டைப் பூட்டியிருந்தார். சாவி ராத்திரி முழுக்க அவர் தலையணைக்கடியில்.

கண்ணாடியை நகத்தால் சுண்டிப் பார்த்தார். முள் லேசாக நடுங்கியது. பிறகு, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு மயிரிழை மேலே போனது.

போன் போட்டார்.

“வெள்ளை, காத்தை ஒழுங்கா எறக்குனியாடா?”

“நீங்களுந்தானே நின்னு பாத்தீங்க, அண்ணே.”

“முள்ளு ஏறி நிக்கிது.”

அந்தப் பக்கம் வெள்ளைத்துரை டீயை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அவனுக்குத் தெரியாதது என்று உலகத்தில் எதுவும் கிடையாது. தெரிந்த விஷயத்துக்காவது கொஞ்சம் யோசிப்பான், தெரியாததற்கு உடனே பதில் வந்துவிடும். “வெயிலுக்குக் காத்து விரியும்ணே. சயின்ஸு.”

பசுமலையில் வெயில் இன்னும் ஏறவில்லை. ஷெட்டின் தகரத்தைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது.

நல்லகாமனுக்குச் செக்கானூரணிப் பக்கம் நிலம் இருந்தது. நிலத்தை மனையாக்கி, மனையை மண்டபமாக்கி, பசுமலையில் மாடிவீடு கட்டி முடித்த பிறகு, மதுரையில் தன்னைப் போலவே மண்டபமும் மாடிவீடும் வைத்திருப்பவர்கள் தெருவுக்கு ஒருவர் இருப்பது அவரை உறுத்த ஆரம்பித்தது. அவர்களிடம் இல்லாத ஒன்று வேண்டும். பாரம்பரியம் வேண்டும். அது மாசி வீதிகளில் எந்தக் கடையிலும் தொங்காததால், கம்பம் மலைப்பக்கம் பாழடைந்து கிடந்த ஓர் எஸ்டேட் பங்களாவில் போய் வாங்கிவந்தார். வெள்ளைக்காரத் துரை ஒருவர் பந்தயம் விடுவதற்கென்றே கப்பலில் வரவழைத்த கார். கூரை இல்லை, கதவு இல்லை. முன்னால் ஆள் நீளத்துக்கு இஞ்சின், பின்னால் படகு மாதிரிக் கூம்பிய வால், நடுவில் இரண்டு பேர் இடித்துக்கொண்டு உட்காரும் பள்ளம்.

வாங்கிய வாரமே ஃப்ளெக்ஸ் வைத்தாயிற்று. ‘பந்தயப் பரம்பரையின் மூன்றாம் தலைமுறையே!’ என்ற எழுத்துக்குக் கீழே காரும் அவரும். மேலே மேகத்துக்குள் அவருடைய தாத்தா. தாத்தா தன் வாழ்நாளில் மாட்டுவண்டியைவிட வேகமான எதிலும் ஏறியதில்லை. ஆனால் ஒரு யூடியூப்காரன் மைக்கை நீட்டியபோது, நல்லகாமனே எதிர்பார்க்காத வாக்கியம் ஒன்று அவர் வாயிலிருந்து வந்தது.

“துரை ஓட்டுவாரு, எங்க தாத்தா பக்கத்துல உக்காந்து போவாரு. அந்த எடம் எங்க குடும்பத்துக்கு உள்ள எடம்.”

சொல்லி முடித்தபின் அது உண்மை மாதிரியே இருந்தது.

உண்மையில் அந்த இடத்தில் யார் உட்கார்ந்தார் என்பது அவருக்குத் தெரியும். பங்களாவைப் பார்த்துக்கொண்டிருந்த தங்கப்பொண்ணு, காரின் மேலிருந்த கோழி எச்சத்தைச் சுரண்டிக்கொண்டே சொல்லியிருந்தாள்.

“ஆண்டிச்சாமின்னு ஒருத்தரு சார். இந்தா, இந்தப் பம்பைக் கையால அடிச்சுக்கிட்டே வரணும். காத்து டேங்குக்குள்ள ஏறுனாத்தான் பெட்ரோலு முன்னுக்குப் போகும். விட்டா வண்டி நின்னுரும். இந்த இஞ்சின் போடுற சத்தத்துல பேச்சா கேக்கும்? துரை தோள்ல ஒரு தட்டு தட்டுனா அடிக்கணும். சேந்தாப்புல ரெண்டு தட்டுனா நிறுத்தணும். அம்புட்டுத்தான் அவுகளுக்குள்ள பாஷை.”

“இப்ப அவரு பேரன் பேத்திக யாராச்சும்…”

“ஏது? கல்யாணமே ஆகலையே. கடைசிப் பந்தயத்துல வண்டி கவுந்திருச்சு. துரை தெறிச்சு விழுந்து பொழச்சுக்கிட்டாரு. ஆண்டிச்சாமி வண்டிக்கடியில. உசுரு போனப்புறமும் கை அடிச்சுக்கிட்டே இருந்துச்சும்பாக. ரெண்டு தட்டு தட்ட ஆளு இல்லைல்ல?” அவள் சிரித்தாள். “எங்க ஊருல ஓயாம வேலை பாக்குறவனக் கண்டா, ‘இவனை ரெண்டு தட்டு தட்டுங்கப்பா’ம்போம் சார்.”

நல்லகாமனும் சிரித்தார். கதை நன்றாக இருந்ததால் அதை யூடியூப்காரனிடமும் நடித்துக் காட்டினார். ஓட்டும் இடத்தில் உட்கார்ந்து, காலியாக இருந்த பக்கத்து சீட்டின் முதுகில் பலமாக ஒரு தட்டு தட்டி, “அடிறா ஆண்டி!” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ரீல் நன்றாக ஓடியது. ரெண்டு தட்டு தட்டி நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அதன் பிறகுதான் வேகத்தின் மேல் ஆசை வந்தது. ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரி மைதானத்தில் வருகிற ஞாயிற்றுக்கிழமை பழைய கார்களின் விழா. மந்திரி ஒருவர் கொடியசைக்கிறார். மண்டபக்காரர் சிவபாண்டியும் எங்கிருந்தோ ஒரு காரைப் பிடித்துவந்துவிட்டார். சிவபாண்டிக்குப் பின்னால் இரண்டாவதாக வருவதைவிட நல்லகாமன் ஊரைக் காலி செய்துவிட்டுப் போவார்.

“வேகம்னா வெயிட்டுதான்ணே. வெயிட்டைக் கொறைக்கணும்” என்றான் வெள்ளைத்துரை, அவருடைய வயிற்றைப் பார்க்காமல்.

குறைத்தான். இஞ்சினின் தலையைக் கடைசல் பட்டறையில் கொடுத்துச் சீவிக்கொண்டு வந்தான்; அழுத்தம் கூடி வண்டி சீறும் என்றான், சூடேறிவிட்டால் சுவிட்சை அணைத்தாலும் கொஞ்ச நேரம் தானாக எரியும், பயப்படாதீங்க என்றான். கால் பிரேக்கை மொத்தமாகக் கழற்றினான்; கைபிரேக் போதும் என்றான். கிளட்ச் பெடல், கைபிரேக் கம்பி, கண்ணில் பட்ட இரும்பு எல்லாவற்றிலும் வரிசையாக ஓட்டை போட்டான். காற்றடிக்க ஒரு கரண்ட் பம்பு வைத்தான். பக்கத்து சீட்டைப் பெயர்த்து எறிந்தான். “பம்பு அடிக்கிறவனுக்கு எதுக்குடா சீட்டு? தண்ட வெயிட்டு” என்று நல்லகாமனே கையைத் தட்டிவிட்டுக்கொண்டார். பழைய கைப்பம்பும், காற்றை இறக்கும் குழாயும் மட்டும் துருவேறி அசையவில்லை. அது பாட்டுக்கு உள்ளேயே கிடக்கட்டும் என்று அந்தப் பாதிப் பள்ளத்தின் மேல் அலுமினியத் தகட்டைப் போட்டு ரிவிட் அடித்தான். தகட்டிலும் ஓட்டைகள். ரிவிட்டும் வெயிட்டுதானே என்று அதையும் கம்மியாக அடித்தான்.

நேற்று மாலை முடித்த கடைசி வேலை அதுதான்.

அன்று மதியம் சாப்பிட்டுப் படுத்தபோது அந்தச் சத்தம் கேட்டது. முதலில் பக்கத்து வீட்டில் யாரோ அம்மியில் எதையோ நசுக்குவதுபோல, பிறகு சுவருக்குள் ஏதோ மூச்சு விடுவதுபோல, ஒரே அளவாக, அவசரமும் இல்லாமல் ஓய்வும் இல்லாமல், ஜன்னல் திரையை அசைக்கும் வெக்கைக் காற்றோடு சேர்ந்து வந்தது. சக்… சக்… சக்…

“ஏங்க,” என்று அவர் மனைவி நாகஜோதி அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள். “ஷெட்டுக்குள்ள யாரு சைக்கிளுக்குக் காத்தடிக்கிறது? அப்ப இருந்து அடிக்கிறாக.”

“யாரும் இல்ல. நீ வேலையப் பாரு.”

“அப்பறம் அது என்ன வாடை? வெளக்கெண்ணெயைக் காய்ச்சுன மாதிரி?”

அந்தக் காலத்துப் பந்தய இஞ்சின்களுக்கு விளக்கெண்ணெய்தான் ஊற்றுவார்கள் என்று வெள்ளைத்துரை சொல்லியிருந்தான். ஆனால் இதில் இருப்பது கடையில் வாங்கிய புது ஆயில்.

நல்லகாமன் சட்டை போடாமலே போய் ஷெட்டைத் திறந்தார். உள்ளே விளக்கெண்ணெய் வாடையும், அதற்கு அடியில் வேலை செய்த உடம்பின் வியர்வை வாடையும் கனமாக நின்றன. தகட்டின் மேல் காதை வைத்தார். தகடு வெதுவெதுப்பாக இருந்தது. சத்தம் சரியாகக் காதுக்குக் கீழே இருந்தது. அதோடு சேர்ந்து, ஒவ்வொரு அடிக்கும் ஒரு சின்ன முனகல், பாரம் தூக்குகிறவர்கள் தங்களுக்கே தெரியாமல் விடுவது.

வெள்ளைத்துரையைக் கூப்பிட்டுத் தகட்டைப் பிரிக்கச் சொல்லலாம். ஏன் என்று கேட்பான். என்ன சொல்வது? மூன்றாம் தலைமுறைப் பந்தய வீரர் காத்துக்குப் பயந்துவிட்டார் என்று சாயங்காலத்துக்குள் ஒத்தக்கடை வரைக்கும் தெரிந்துவிடும். சிவபாண்டி அதையே ஃப்ளெக்ஸ் அடித்துவிடுவார். நல்லகாமன் ஷெட்டைப் பூட்டிவிட்டு வந்து, சத்தம் கேட்காமல் இருக்க டிவியைச் சத்தமாக வைத்தார்.

வெயில் தாழ்ந்த பிறகு காரை லாரியில் ஏற்றி ஒத்தக்கடை தாண்டிக் கொண்டுபோனார்கள். மேலூர் ரோட்டிலிருந்து உள்ளே, நல்லகாமன் போட்ட மனைப்பிரிவு. பெயர் ‘நல்லகாமன் கார்டன்ஸ்’. கார்டன் என்று வேலிக்கருவை மட்டும் இருந்தது. வீடு ஒன்றுகூட எழும்பவில்லை. ஆனால் மனை பார்க்க வருகிறவர்களுக்காக மஞ்சள் கற்களைச் சுற்றி வளையமாக நல்ல தார் ரோடு. மாடு குறுக்கே வந்துவிடக் கூடாது என்று வெள்ளைத்துரை வளைவுக்குக் கீழிருந்த கேட்டைப் பூட்டினான். மேற்கே யானைமலை, வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு கறுப்பாகப் படுத்திருந்தது.

தகடு பாதிப் பள்ளத்தை எடுத்துக்கொண்டதால் மிச்ச ஓட்டைக்குள் நல்லகாமன் நுழைவது பெரிய வேலை. முதலில் ஸ்டியரிங்கைக் கழற்ற வேண்டும். பிறகு அவரை மூட்டைக்குள் அரிசி இறக்குவதுபோலக் குலுக்கிக் குலுக்கி இறக்க வேண்டும். அதன்பின் ஸ்டியரிங்கை அவர் வயிற்றின் மேல் வைத்து, நடுவிலுள்ள நட்டை முறுக்க வேண்டும். வெள்ளைத்துரை முறுக்கிவிட்டு ஸ்பானரைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

“டைட்டா இருக்காண்ணே?”

“மூச்சு விட முடியலடா.”

“அப்பச் சரியா இருக்கு.”

தள்ளிவிட்டான். இஞ்சின் இருமியது, பிறகு உறுமியது, பிறகு காதுக்குள் வேறு எதற்கும் இடமில்லை. கருவை மரங்கள் கோடாக ஓடின. தார் வாடையும் சுடுகாற்றும் முகத்தில் அறைந்தன. மஞ்சள் கற்கள் ஒன்றை ஒன்று விரட்டின. முதல் சுற்றில் நல்லகாமன் எல்லாவற்றையும் மறந்தார். தாத்தா நிஜமாகவே மேகத்துக்குள்ளிருந்து பார்ப்பதுபோல இருந்தது. சிவபாண்டி எங்கோ பின்னால், புழுதியில்.

இரண்டாவது சுற்றில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். வண்டி குறையவில்லை.

மீட்டரைப் பார்த்தார். முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. கரண்ட் பம்பின் சுவிட்சை அணைத்தார். முள் சிவப்பைத் தாண்டியது. இஞ்சின் சுவிட்சை அணைத்தார். அணைந்தது சுவிட்சு மட்டும்தான். சூடேறிய இஞ்சின் தானாக எரிந்தது. பெட்ரோல் வந்துகொண்டே இருந்தது. அது வரும்வரை எரியும். அது வருவதற்கு ஒருவன் அடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

தகட்டின் அதிர்வு இடது முழங்கையில் தெரிந்தது. இஞ்சினின் தாளம் வேறு. இது வேறு.

கிளட்சை மிதித்தார். வெள்ளைத்துரை போட்ட ஓட்டையில் பெடல் மளுக்கென்று முறிந்து காலுக்கடியில் உருண்டது. கைபிரேக்கை இழுத்தார். கம்பி ஓட்டைக்கு ஓட்டை வளைந்து, கடைசியில் கையோடு வந்துவிட்டது. கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டே ஓட்டினார். எறிய மனம் வரவில்லை.

வளைவுக்குப் பக்கத்தில் வெள்ளைத்துரை நின்றான். “நிறுத்துடா! நிறுத்த முடியலடா!” என்று கத்தினார். அவனுக்குக் கேட்டது வண்டிச் சத்தம் மட்டும். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அடுத்த சுற்றில் போனை எடுத்து வீடியோ பிடித்தான். அதற்கடுத்த சுற்றில் சட்டையைக் கழற்றிச் சுற்றினான்.

குதித்துவிடலாம். வயிற்றின் மேல் ஸ்டியரிங். நட்டு. ஸ்பானர் அவன் பாக்கெட்டில்.

யானைமலைக்குப் பின்னால் வெயில் இறங்கியது. இந்தச் சத்தத்தில் பேச்சா கேக்கும் என்று தங்கப்பொண்ணு சொன்னது ஞாபகம் வந்தது. ரெண்டு தட்டு. இடது கையைத் தூக்கித் தகட்டின் மேல் தட்டினார். ஒன்று. இரண்டு.

அதிர்வு நின்றது.

முள் சரிந்தது. இஞ்சின் ஒரு மூச்சு விட்டுத் தளர்ந்தது. நல்லகாமன் அழுதுவிட்டார். அப்போது சக்கரம் ரோட்டில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏற, ரிவிட் கம்மியாக அடித்த தகடு எழும்பி விழுந்தது.

தட்.

ஒரு தட்டு.

சக். சக். சக்.

மறுபடி தட்டினார். நின்றது. மறுபடி பள்ளம். மறுபடி தகடு. தட். சக். சக். இன்னொரு சுற்று. இன்னொரு சுற்று. தகடு அவரைவிட நன்றாகத் தட்டியது.

தகட்டின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். விரல் கிழிந்தது. தகடு மடங்கியது. கையை உள்ளே விட்டார். மணிக்கட்டு. முழங்கை. தோள் வரைக்கும்.

உள்ளே இடம் நிறைய இருந்தது.

ஈரச் சட்டை. சட்டைக்குள் தோள். எலும்பு மேலும் கீழும் போனது.

தட்டினார். ஒன்று.

இரண்டு.

தோள் நின்றது. இஞ்சின் நின்றது. வண்டி தார் ரோட்டில் சத்தமில்லாமல் உருண்டு, கருவை மர ஓரத்தில் நின்றது. சுட்ட இரும்பு டிக் டிக்கென்று ஆறியது. எங்கோ மயில் அகவியது. நல்லகாமன் கையை வெளியே இழுத்தார்.

வரவில்லை.

ஒரு கை அவர் கையைப் பிடித்திருந்தது. இறுக்கமாக இல்லை. எத்தனையோ வருஷமாக எதிர்பார்த்த ஆள் ஒருவழியாக வந்துவிட்டான் என்பதுபோல. அது அவர் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, தேய்ந்து வழவழத்த ஒரு மரப்பிடியின் மேல் வைத்து, ஒவ்வொன்றாக மடக்கியது.

பிறகு இருட்டு.

இருட்டில் வரிசையாக வெளிச்சப் புள்ளிகள். நல்லகாமன் அவற்றைப் பார்த்தார். வட்டம் வட்டமாக, சீராக, முகத்துக்கு ஒரு சாண் மேலே. வெள்ளைத்துரை போட்ட ஓட்டைகள். அவற்றின் அடிப்பக்கம்.

முழங்கால் நெஞ்சில் முட்டியது. தகட்டின் ஓரம் மடங்கியிருக்கவில்லை. ரிவிட்டுகள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

செருப்புச் சத்தம் ஓடிவந்தது. “அண்ணே! செம ஓட்டுண்ணே! சிவபாண்டி செத்தாரு…” சத்தம் நின்றது. “அண்ணே?”

கத்தினார். வாய் நிறைய விளக்கெண்ணெய்.

“நட்டு போட்டபடியே இருக்கு. எப்படிண்ணே எறங்குனீங்க? அண்ணே!” ஓட்டைகளை ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டு ஒரு நிழல் நகர்ந்தது. ஓர் ஓட்டையில் வெள்ளைத்துரையின் கண், டேஷ்போர்டைப் பார்த்தபடி, கடந்து போனது. “ஒண்ணுக்குப் போயிட்டாரு போல” என்று தனக்குத்தானே பதில் சொல்லிக்கொண்டான். அவனிடம் எதற்கும் பதில் உண்டு.

இன்னும் ஒரு நிமிஷம் இங்கேயே நில்லுடா. கீழே பாருடா.

“ராசாத்தி மாதிரி ஓடுனடி” என்று வெள்ளைத்துரை காரிடம் சொன்னான். ஜெயித்த மாட்டின் முதுகில் தட்டுவதுபோல, போகிற போக்கில், தகட்டின் மேல் பிரியமாக ஒரு தட்டு தட்டினான்.

ஒன்றே ஒன்று. அவருடைய தோளுக்கு நேர் மேலே.

நல்லகாமன் காத்திருந்தார். செருப்புச் சத்தம் கருவைக்குள் போயிற்று. “அண்ணே… அண்ணே…” என்ற குரல் போகப் போகச் சின்னதாயிற்று. ஓட்டைகளில் ஒன்று அணைந்தது. பிறகு இன்னொன்று.

கை, அவரைக் கேட்காமல், அடிக்க ஆரம்பித்தது.